அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

தராசு பொய் சொன்னால் வாங்குகிறவருக்கு நட்டம். கடிகாரம் பொய் சொன்னால் வண்டி தவறிப்போகும். இவ்விரண்டும் பிறகு ஈடு செய்துகொள்ளக் கூடியவை. ஆனால், குருதியிலுள்ள சர்க்கரையை அளந்து காட்டும் கருவி பொய் சொன்னால் நட்டம் உயிருக்கே வந்து சேரும். அந்த உயிர் தனக்கு என்ன செய்கிறது என்று வாய் திறந்து சொல்ல மாட்டாத நாயாகவோ பூனையாகவோ இருந்துவிட்டால், கருவியின் சொல்லைத் தவிர நமக்கு வேறு சாட்சியும் குறைவு. ஆதலின், வளர்ப்பு விலங்குகளின் நீரிழிவுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டரை எவ்வளவு நம்பலாம், அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது எங்ஙனம் என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவர். எனினும் எண்களோடு பழகி, ஒரு பேரேட்டை மற்றொரு பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பதே நமது அன்றாடத் தொழில். இங்கே தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்தப் பழக்கமே.

ஊரையும் உறவையும் விட்டு இக் கிடர்பூரில் வந்து குடியிருக்கும் நம் குடும்பங்கள் சிலவற்றில், மாலையில் வாசலிற் காத்துக் கிடக்கும் நாய், உறவினர் ஒருவருக்குச் சமம். அதற்கு வயது ஏறியபின் திடீரென்று தண்ணீரைப் பானை பானையாகக் குடிப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், நன்றாக உண்டும் உடல் இளைப்பதும் காணப்பட்டால் நீரிழிவோ என்று ஐயுற வேண்டும். நாய்களுக்குக் கண்ணில் புரை விழுவதும் உண்டு. நோய் உறுதியானால், நாய்க்கு வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசி வேண்டியிருக்கும். பெரும்பாலும் நாளுக்கு இருமுறை. பூனைகளுள் சில, தொடக்கத்திலேயே நல்ல சிகிச்சை கிட்டினால், இன்சுலின் இன்றியும் வாழும் நிலைக்கு மீள்வதுண்டு. இரண்டிலும் ஊசியின் அளவைத் தீர்மானிக்கச் சர்க்கரையின் அளவு தெரிய வேண்டும். அப்பொழுதுதான் வீட்டில் தாயாருக்கோ தந்தையாருக்கோ வாங்கி வைத்த குளுக்கோமீட்டர் நினைவுக்கு வருகிறது.

நீரிழிவு மருத்துவத்தில் நாய்க்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1889ஆம் ஆண்டு ஸ்டிராஸ்பர்க் நகரில் மேரிங், மிங்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வாறு வெளிப்பட்டது. 1921இல் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்துச் சோதித்ததும் நாய்களிடத்திலேயே. மறு ஆண்டு ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அம் மருந்து முதன்முதல் செலுத்தப்பெற்றது. மனிதருக்கு அம் மருந்தைத் தேடித் தந்த இனத்திற்கு, அதனைச் சரியான அளவில் கொடுக்கவேனும் நாம் கற்றுக்கொள்ள வேண்டாவா?

இனி, மனிதருக்கான கருவி நாய்க்கு ஏன் பிழைபடக் கூடும் என்பதைப் பார்ப்போம். குருதியில் சிவப்பணுக்களும், அவை மிதக்கும் பிளாஸ்மா என்னும் தெளிந்த நீரும் உள்ளன. சர்க்கரை இவ்விரண்டிலும் பங்கிட்டுக் கிடக்கிறது. மனிதக் குருதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 58 பங்கு பிளாஸ்மாவிலும் 42 பங்கு அணுக்களிலும் உள்ளது. நாயின் குருதியிலோ 87.5 பங்கு பிளாஸ்மாவில், 12.5 பங்கே அணுக்களில். பூனைக்கு 93-க்கு 7. மனிதருக்கான கருவி, தன்முன் வந்த துளி மனிதனுடையது என்றே எண்ணிக் கணக்கிடுகிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தாலும் பாட்டனாரின் குருதியும் நாயின் குருதியும் வேறுதாமே! ஆகவே மனிதக் கருவிகள் நாய் பூனைகளின் சர்க்கரையைப் பெரும்பாலும் உண்மைக்குக் குறைவாகக் காட்டுகின்றன. சில கருவிகள் சில வேளை கூட்டிக் காட்டுவதும் உண்டு. நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று எனத் தனிக் குறியீட்டெண் இட்டு அளக்கும் ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குக் கருவிகள் இக்குறையை நீக்கவே செய்யப்பட்டன. ஆயினும் அவற்றையும் சோதியாமல் நம்புதல் கூடாது.

இரண்டாவது காரணம் குருதியின் திண்மை. சிவப்பணுக்கள் குறைந்து சோகை கண்ட விலங்கில் கருவி கூட்டிக் காட்டும். உடல் வறண்டு குருதி தடித்த விலங்கில் குறைத்துக் காட்டும். இது நம் பகுதியில் சிறப்பாக நினைவில் வைக்கத்தக்கது. நம் நாட்டு நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் அரிய நோயன்று. அது சோகையைக் கொண்டு வரும். நேற்றுவரை ஓரளவு சரியாகக் காட்டிய கருவி, உண்ணிக் காய்ச்சல் வந்த வாரத்தில் உண்மைக்கு மிகுதியாகக் காட்டக் கூடும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

‘சரியான கருவி’ என்றால் என்ன பொருள்? எந்தக் கருவியும் துல்லியமாக ஓர் எண்ணைச் சொல்வதில்லை; ஓர் எல்லைக்குள் சொல்கிறது. மனிதருக்கான கருவிகளுக்கு 2013இல் திருத்தப்பெற்ற ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் உலகத் தரவிதி, நூறு அளவீடுகளில் தொண்ணூற்றைந்தேனும் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-ம் அதற்கு மேலும் இருந்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை வேறுபடலாம். விலங்கு மருத்துவ ஆய்வுக்கூட வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கம் வகுத்த நெறியில், குறைந்த அளவுகளில் நூற்றுக்குப் பத்தும், இயல்பான அளவிலும் உயர்ந்த அளவிலும் நூற்றுக்கு இருபதும் பிழைக்கு எல்லை. குறைந்த அளவில் கண்டிப்பு மிகுதியாக இருப்பதற்குக் காரணம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்பதே.

சோதிக்கும் முறைகள் நான்கு. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் நலம்.

முதலாவது, ஸ்டிரிப் என்று கடைகளில் வழங்கும் சோதனைப் பட்டையைப் பார்ப்பது. பிழையுள் பெரும்பகுதி கருவியிலன்றிப் பட்டையிலேயே பிறக்கிறது. பட்டையில் பூசியுள்ள நொதிப்பொருள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் கெடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கங்கைக் கரை ஈரக்காற்றில் உப்பே கசிந்து நீராகிறதென்றால், திறந்து வைத்த பட்டைக் குப்பி என்னாகும்? பட்டையை எடுத்தவுடன் மூடியை இறுக மூட வேண்டும். வேறு குப்பிக்கு மாற்றுதல் கூடாது. குளிர்ப்பெட்டியிலும், சமையலறை அடுப்பருகிலும் வைத்தல் ஆகாது. காலாவதித் தேதியையும், குறியீட்டெண் இடும் கருவியானால் அவ்வெண்ணையும் ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கட்டுப்பாட்டுக் கரைசலைக் கொண்டு சோதிப்பது. ‘கண்ட்ரோல் சொல்யூஷன்’ என்று கேட்டால் மருந்துக் கடையிலோ கருவி செய்த நிறுவனத்தாரிடமோ கிடைக்கும். சர்க்கரை இவ்வளவு என்று முன்னரே தெரிந்த நீர் அது. ஒரு துளியைப் பட்டையில் இட்டால், வரும் எண் குப்பியில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். புதுக் குப்பி திறக்கும்போதும், கருவி கீழே விழுந்தபோதும், எண் நம்ப முடியாததாக இருக்கும்போதும் இதைச் செய்யலாம். கரைசலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலானவை திறந்து மூன்று திங்களுக்கு மேல் பயன்படா. ஆனால் ஒன்று: இச்சோதனை கருவியும் பட்டையும் கெடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். நாயின் குருதியை அக்கருவி சரியாக அளக்கிறதா என்பதைச் சொல்லாது. பலர் இவ்விடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஒரே துளியில் இரு பட்டைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது. இரண்டும் சிறிது வேறுபடுதல் இயல்பு. பெரிதும் வேறுபட்டால் துளி எடுத்த முறையிலோ பட்டையிலோ குறை உண்டு. நாய்க்கும் பூனைக்கும் காது மடலின் ஓரத்தில் துளி எடுப்பது வழக்கம். வெதுவெதுப்பான துணியால் காதைச் சிறிது ஒற்றினால் குருதி எளிதில் வரும். தோலில் ஈரமோ சாராய மருந்தோ இருத்தல் கூடாது. அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். துளி போதாவிட்டாலும் பிழை வரும். எடுப்பவர் கையும் தூய்மையாக இருக்க வேண்டும். ரசகுல்லாப் பாகு பட்ட விரலால் துளியைத் தொட்டுவிட்டு, ‘நாய்க்குச் சர்க்கரை ஏறிவிட்டது’ என்று அஞ்சுவதில் பொருளில்லை. வங்காளத்தில் வாழும் நமக்கு இவ்வெச்சரிக்கை மிகையாகாது!

நான்காவதே முடிவான சோதனை. ஆய்வுக்கூட அளவோடு ஒத்துப் பார்ப்பது. விலங்கு மருத்துவரிடம் செல்லும்போது கருவியையும் பட்டையையும் உடன் கொண்டு செல்க. மருத்துவர் இரத்தக் குழாயிலிருந்து குருதி எடுத்தவுடன், அதே ஊசியிலிருந்து ஒரு துளியை நம் பட்டையில் விடுமாறு கேட்க வேண்டும். எஞ்சியது ஆய்வுக்கூடத்திற்குப் போகட்டும். ஒரே நேரத்தில், ஒரே குருதியில் இரு அளவுகள் கிடைத்தால்தான் ஒப்பீடு செல்லும். காலையில் வீட்டில் பார்த்த எண்ணையும் மாலையில் ஆய்வுக்கூடம் தந்த எண்ணையும் ஒப்பிடுவது, ஹௌராவில் நின்ற வண்டியையும் கரக்பூரில் நின்ற வண்டியையும் ஒன்றெனக் கொண்டு பெட்டிகளை எண்ணுவது போலாகும்.

இங்கே காலதாமதமும் ஒரு கள்வன். குழாயில் எடுத்து வைத்த குருதியிலும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறையும் என்பது மனிதக் குருதிக்குக் கண்ட கணக்கு. கிடர்பூரில் எடுத்த குருதி போக்குவரத்து நெரிசலில் நகரின் மறு கோடிக்குச் செல்வதற்குள் என்னவெல்லாம் நேரும்! ஆதலால், சர்க்கரைச் சோதனைக்கு உரிய, சோடியம் ஃபுளோரைடு இட்ட சாம்பல் மூடிக் குழாயில் குருதி வைக்கப்பட்டதா, அல்லது அங்கேயே பிளாஸ்மா உடனே பிரிக்கப்பட்டதா என்று பணிவுடன் கேட்டு அறிய வேண்டும். நம் பட்டையில் இடுவதோ மருந்து கலவாத புதுத் துளியாக இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. கருவியின் எண்ணுக்கும் ஆய்வுக்கூட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நூறால் பெருக்கி, ஆய்வுக்கூட எண்ணால் வகுக்க வேண்டும். விளக்கத்திற்காகச் சில எண்களைக் கொள்வோம். ஆய்வுக்கூடம் 320, கருவி 262 என்றால் வேறுபாடு 58. பிழை நூற்றுக்குப் பதினெட்டு. ஆய்வுக்கூடம் 140, கருவி 118 என்றால் வேறுபாடு 22. பிழை ஏறத்தாழப் பதினாறு. இவ்விரண்டும் இருபதுக்குள் அடங்கின. ஆய்வுக்கூடம் 70, கருவி 49 என்றால் வேறுபாடு 21தான். ஆனால் பிழை முப்பது. ஏறத்தாழ அதே வேறுபாடு, குறைந்த அளவில் எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள். ஆகவே ஒருமுறை ஒத்துவிட்டது என்று அமைதி கொள்ளலாகாது. சர்க்கரை உயர்ந்த நாளிலும், நடுத்தரமான நாளிலும், தாழ்ந்த நாளிலும் என வெவ்வேறு வருகைகளில் ஒப்பிட்டு எழுதி வைத்தால்தான் கருவியின் குணம் விளங்கும்.

பிழையின் அளவைப் போலவே அதன் திசையும் முக்கியம். கருவி குறைத்துக் காட்டினால் நாம் வீணே அஞ்சுவோம். வேண்டிய ஊசியைத் தவிர்த்து நோயை முற்றவிடவும் கூடும். கூட்டிக் காட்டினாலோ, சர்க்கரை உண்மையில் தாழ்ந்து கிடக்கும்போது ‘எல்லாம் நலம்’ என்று அது சொல்லும். இவ்விரண்டாவது பொய்யே கொடியது. நாயோ பூனையோ தள்ளாடினாலும், சோர்ந்து விழுந்தாலும், நடுங்கினாலும், வலிப்புக் கண்டாலும் கருவி என்ன சொல்லிற்று என்று வாதாடிக்கொண்டிராமல் தாழ்சர்க்கரை என்றே கருதி, தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறுகளில் தடவிவிட்டு உடனே மருத்துவரை நாட வேண்டும். வலிப்பில் இருக்கும் விலங்கின் வாயில் நீரை ஊற்றுதல் கூடாது, புரை ஏறும். கருவி 60-க்குக் கீழே காட்டினாலும் அசட்டையாக இராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிலர், ‘நம் கருவி நாற்பது குறைத்துக் காட்டுகிறது, ஆகவே எப்போதும் நாற்பது கூட்டிக்கொள்வோம்’ என்று ஒரு சூத்திரம் செய்துகொள்வர். அது தவறு. மேலே கண்ட கணக்கிலேயே பிழை ஓரிடத்தில் 58, மற்றோரிடத்தில் 21. சோகையோ வறட்சியோ வந்தால் அதுவும் மாறும். செய்யத்தக்கது, ஒரே கருவியை, ஒரே வகைப் பட்டையோடு, ஒரே முறையில் பயன்படுத்தி, ஒப்பீட்டுக் கணக்கை மருத்துவரிடம் காட்டுவதே. அப்போது அவர் எண்ணை அதன் குணமறிந்து படிப்பார். ஒற்றை எண்ணைவிட, ஊசி போட்டபின் இரண்டு மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு மணி நேரம் பார்த்து எழுதிய வரிசையே அவருக்குப் பெரிதும் உதவும். சர்க்கரை எப்போது மிகவும் தாழ்கிறது, எவ்வளவு தாழ்கிறது என்பது அதில் தெரியும். இன்சுலின் அளவை மாற்றுவது அவர் கடமை. எண்ணை நேர்மையாக எழுதித் தருவது நம் கடமை.

பூனை வைத்திருப்போருக்குத் தனியே ஒரு சொல். கூடையில் அடைபட்டு, டிராமின் ஓசையும் நாய்களின் குரலும் கேட்டு மருத்துவமனை சேரும் பூனைக்கு, அச்சத்தினாலேயே சர்க்கரை 300-ஐயும் தாண்டக் கூடும். அங்கே எடுத்த அளவு உண்மையானதே. ஆனால் அது அச்சத்தின் அளவு. அதனால்தான் வீட்டு அளவுக்கு மதிப்பு மிகுதி. அதனால்தான் வீட்டுக் கருவியைச் சோதிப்பதற்கும் அவசியம் மிகுதி. ஐயம் தீராவிடில், முந்திய ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ஃபுருக்டோசமைன் சோதனையை மருத்துவர் துணைக்கு அழைப்பார்.

மற்றோர் அளவுகோலையும் இங்கே மறத்தல் கூடாது. அஃது ஊசிக் குழல். நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 அலகு உள்ள இன்சுலினும் உண்டு. 100 அலகு உள்ளதும் உண்டு. 40-க்கு உரிய குழல் பொதுவாகச் சிவப்பு மூடியும், 100-க்கு உரியது செம்மஞ்சள் மூடியும் கொண்டிருக்கும். 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கருவியைச் சோதித்த கண், மருந்துக் குப்பியையும் குழலின் மூடியையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லையா என்று சில அன்பர்கள் மலைக்கக் கூடும். நமக்கு அடுத்துள்ள அலிப்பூரில், 1912இல் இரயில்வே வாரியத்தால் தொடங்கப்பெற்ற அரசினர் சோதனைச் சாலை, பின்னர்த் தேசியச் சோதனைச் சாலை எனப் பெயர் பெற்றது. வந்திறங்கும் பொருளை விற்பவர் சொல்லை நம்பி ஏற்காமல், சோதித்து ஏற்க வேண்டும் என்பதே அதன் பிறப்பின் நோக்கம். இரும்புக்கும் சிமெண்டுக்கும் அந்த மரியாதை உண்டென்றால், நம் வாசலில் காத்திருக்கும் உயிருக்குச் செலுத்தும் மருந்தின் அளவுக்கு இல்லையா? வேண்டியவை ஒரு குறிப்பேடு, ஒரு குப்பிக் கட்டுப்பாட்டுக் கரைசல், மருத்துவமனையில் கேட்கும் ஒரு சிறு உதவி, இவ்வளவே. வடக்கே பெல்கச்சியாவில் 1893 முதல் விலங்கு மருத்துவம் கற்பிக்கப்பட்டு வரும் இந்நகரில், கேட்பவருக்கு வழி சொல்ல மருத்துவர்கள் இல்லாமல் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கருவியை எடுத்துப் பட்டையின் தேதியைப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும்.